ஆடுதோ, மச்சாள்?

பதினொரு மாதத்தில் சிவலட்சுமி இருபத்தெட்டுக் கிலோ குறைந்தாள். யூரியாப் பை ஒன்றில் பாதிக்கும் மேலே. அவ்வளவு பாரத்தை இத்தனை வருடமாக ஒரு நேரமும் கீழே இறக்கி வைக்காமல் குசினிக்கும் கிணற்றடிக்கும் வயலுக்கும் கொண்டு திரிந்திருக்கிறோமே என்று நினைத்தபோது, தன்னுடைய இரண்டு முழங்கால்களையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

எல்லாம் சீனி வருத்தத்தால், அந்த நீரிழிவால், வந்த வினை. ஈரலிலும் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன அன்று, நாற்பத்தாறு வயதுச் சிவலட்சுமி தொண்ணூற்றாறு கிலோ. அடுத்த நாள் விடியவே இரணைமடுக் குளக்கட்டில் நடக்கத் தொடங்கினாள். முதல் கிழமை மதகு வரைக்கும் போவதற்குள் நாக்குத் தள்ளியது. நாலாம் மாதம் மதகைத் தாண்டி, அதற்கு அங்கால் நின்ற மருத மரத்தையும் தாண்டி, மீன் வாங்க வந்தவர்கள் "அக்கா, எங்க போறியள், அனுராதபுரத்துக்கோ?" என்று கேட்கும் தூரம் வரைக்கும் நடந்தாள். சோறு பாதியானது, மரக்கறி இரண்டு மடங்கானது, தேத்தண்ணியில் சீனி இல்லாமல் போனது. இப்போது அறுபத்தெட்டுக் கிலோ.

கொழுப்புப் போய்விட்டது. அது குடியிருந்த தோல்தான் போகவில்லை. வயிற்றுத் தோல் பாவாடைக்கு மேலே மடிந்து வந்து குந்தியது. கழுத்துக்குக் கீழே ஒரு சின்னத் தூளி தொங்கியது. அதெல்லாம் சீலைக்குள்ளே அடங்கிவிடும். அடங்காதது கைதான். முழங்கைக்கு மேலே, அடிப்பக்கத்தில், கொடியில் காயப்போட்ட துவாய் மாதிரி ஒரு சாண் தோல் தொங்கியது. யாருக்காவது கை காட்டினால் அவள் நிறுத்திய பிறகும் அது நிறுத்தவில்லை. பஸ் போய், புழுதி அடங்கி, கொண்டக்டரின் குரலும் மறைந்த பிறகும் அது பாட்டுக்கு இன்னும் இரண்டு தரம் போய் வா என்று சொல்லிக்கொண்டு நின்றது. அதோடு சிவலட்சுமி ஒருவருக்கும் கை காட்டுவதில்லை என்று முடிவெடுத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். ஊரார் அதை மெலிந்த திமிர் என்று சொன்னார்கள்.

"மிஸ்ஸி, உள்ளுக்க இருந்தது எல்லாம் போட்டுது. இது மட்டும் ஏன் போகுதில்லை?" என்று கிளினிக் தாதியிடம் கையைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள்.

"இருபது வருஷமா இழுபட்டுக் கிடந்த தோல் அம்மா. பழைய இலாஸ்ரிக் மாதிரி. கொஞ்சம் சுருங்கும், ஆனா ஆறுதலாத்தான், கனநாள் எடுக்கும். மிச்சம் அப்பிடியே கிடக்கும். தண்ணி குடியுங்கோ, முட்டை, பயறு சாப்பிடுங்கோ, பாரம் தூக்கிப் பழகுங்கோ. உள்ளுக்கத் தசை வந்தால் கொஞ்சம் நிரவும்."

"அப்ப அந்தக் கொழுப்பு எங்க மிஸ்ஸி போனது? வேர்வையிலயோ?"

"வேர்வையில கொஞ்சம்தான். கூடுதலா மூச்சோடதான் போறது. நீங்கள் ஊதித் தள்ளிப் போட்டியள்."

சிவலட்சுமி வீட்டுக்கு வந்து இதைக் கணவன் ஏரம்புவிடம் சொன்னாள். ஏரம்பு நெடுநேரம் யோசித்தார். "அப்ப இவ்வளவு நாளும் குளக்கட்டால போய் வந்த சனம் உன்ர கொழுப்பைத்தானோ சுவாசிச்சது?" என்று கேட்டார். அன்று முழுக்க அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

இதுவரைக்கும் எல்லாம் நல்லதுக்குத்தான். வில்லங்கம் பங்குனி மாதம் பிறந்தது, கயிறிழுத்தல் போட்டியோடு.

சித்திரை வருடப்பிறப்புக்கு விளையாட்டுக் கழக மைதானத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைக்கலாம், தேங்காய் துருவலாம், சைக்கிளை மெல்ல ஓட்டலாம், அதெல்லாம் பொழுதுபோக்கு. ஊரின் மானம் மரியாதை எல்லாம் கடைசியில் நடக்கும் பெண்கள் கயிறிழுத்தலில்தான். ஏழாம் வாய்க்கால் குடியிருப்புப் பெண்களும் ஒன்பதாம் வாய்க்கால் குடியிருப்புப் பெண்களும் எட்டெட்டுப் பேராக நின்று இழுப்பார்கள். வென்றவர்களுக்கு ஒரு கேடயமும் ஆள் உயரக் கதலி வாழைக்குலையும். மூன்று வருடமாக வாழைக்குலை ஏழாம் வாய்க்காலுக்குத்தான் வந்தது. அதற்குக் காரணம் கயிற்றின் கடைசியில் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதியை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்ற சிவலட்சுமி. பொடியள் அவளுக்கு வைத்த பெயர் நங்கூரம்.

மாதர் சங்கத் தலைவி விமலேஸ்வரிதான் அணிக்கும் தலைவி. பங்குனி முதல் கிழமை பயிற்சிக்கு வந்த சிவலட்சுமியை அவள் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய் மிச்சம் அங்கே எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரிப் பார்த்தாள்.

"எடியே, உன்ர மற்றப் பாதி எங்கயடி?" என்றாள்.

அடுத்த நாளில் இருந்து சிவலட்சுமி வீட்டுக்குச் சாப்பாடு வரத் தொடங்கியது. திங்கட்கிழமை விமலேஸ்வரி ஒரு சட்டி புக்கை கொண்டு வந்தாள், நேர்த்திக்குப் பொங்கினதாம். செவ்வாய்க்கிழமை ஒருத்தி நண்டும் இறாலும் போட்ட ஒடியற்கூழ் கொண்டு வந்தாள், கூடிப் போச்சாம். புதனுக்கு முறுக்கு, வியாழனுக்குப் பயித்தம்பணியாரம், வெள்ளிக்கு அரியதரம். ஊரில் இத்தனை சாமிக்கு இத்தனை நேர்த்திக்கடன் இருந்தது சிவலட்சுமிக்கு அதுவரை தெரியாது. சனிக்கிழமை வந்தவள் வாசலில் நின்று, "அக்கா, ஆறுதலாச் சாப்பிடுங்கோ. பத்துக் கிலோ காணுமெண்டு விமலேஸ்வரியக்கா சொன்னவா" என்று உளறிவிட்டாள். அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஏழு பெண்கள் சேர்ந்து வருடப்பிறப்புக்குள் தன்னைக் கொழுக்கவைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள்!

சிவலட்சுமி ஒரு வாயும் தொடவில்லை. கொண்டு வந்த கையைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டுச் சட்டியை ஏரம்புவிடம் தள்ளினாள். ஏரம்பு பசியோ பசியில்லையோ தட்டை மறுக்கிற மனிதர் இல்லை. மூன்று கிழமையில் அவருக்கு ஐந்து கிலோ ஏறியது. கல்யாணக் காலத்து வெள்ளை முழுக்கைச் சேட் வயிற்றில் பூட்ட மறுத்தது. இவள் குளக்கட்டில் ஊதித் தள்ளிய கொழுப்பு வழி தவறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது போல இருந்தது.

வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை விமலேஸ்வரி அவளைக் கடை வாசல் தராசில் ஏற்றினாள். அறுபத்தேழரை. இருந்ததிலும் அரைக் கிலோ குறைவு! விமலேஸ்வரி தராசை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்.

"கோவிக்காதை சிவம். பின்னுக்கு ராஜினியை விடுறன். அவள் எண்பத்தொம்பது. நீ முன்னுக்கு நில்."

முன்னுக்கு என்றால் பெருமை என்று நினைக்கக் கூடாது. முதல் ஆளுக்குப் பாரம் தேவையில்லை என்பதால் இருக்கிறதில் மெலிந்தவளை நிறுத்துகிற இடம் அது. சிவலட்சுமி சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். மூன்று வருடமாகக் கயிற்றைப் பிடித்து வைத்திருந்தது நானா, அல்லது என் கொழுப்பா? வாழைக்குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் கத்தியதெல்லாம் அந்த இருபத்தெட்டுக் கிலோவுக்குத்தானா? சாப்பாட்டைக் குறைத்தது, விடிய எழும்பி நடந்தது, இன்சுலின் ஊசி தப்பினது எல்லாம் எனக்குப் பெரிய காரியம். இவளவைக்கு நான் தொலைந்துபோன ஒரு பாரம்! அந்தக் கேள்விக்கு மறுமொழி கயிற்றில்தான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

முன்னுக்கு நிற்பதில் இன்னொரு பயமும் இருந்தது. பின்னுக்கு நின்றால் எதிரணி காண்பது முன்னால் நிற்கும் ஏழு பேரைத்தான். முன்னுக்கு நின்றால் எதிரணியின் முதல் ஆள் நேருக்கு நேர். ஒன்பதாம் வாய்க்காலின் முதல் ஆள் வேறு யாருமில்லை, ஏரம்புவின் தங்கை நேசமலர். மச்சாள்!

நேசமலரின் சிரிப்பு இரண்டு வாய்க்காலுக்கும் தெரிந்த சிரிப்பு. ஒருக்கால் தொடங்கினால் அதை நிறுத்த அவளாலும் ஏலாது. தன்னுடைய கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் ஐயரின் குடுமி அவிழ்ந்ததைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள், தாலி மூன்று முடிச்சும் குலுங்கிக் குலுங்கித்தான் ஏறியது. செத்த வீடுகளுக்கு அவளைக் கூட்டிப் போகும்போது அவளுடைய கணவன் பக்கத்தில் நின்று கையைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். அந்த நேசமலர் இந்தக் கையைக் கண்டால்? அடுத்த பத்து வருடத்துக்குக் கல்யாண வீடு, சாமத்திய வீடு எங்கும் இதே கதைதான்.

ஆகவே வருடப்பிறப்பன்று, சுவிஸில் இருக்கும் ராஜினியின் அண்ணன் அணிக்கு அனுப்பிய மஞ்சள் அரைக்கை ரீசேட்டுக்குள்ளே, ஏரம்புவுக்குப் பூட்டாமல் போன வெள்ளை முழுக்கைச் சேட்டையும் போட்டுக்கொண்டு வந்தாள் சிவலட்சுமி. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டவர்களிடம் தடிமன், குளிருது என்றாள்.

மூன்று இழுவை, இரண்டு வென்றால் போதும். நடுவர் யதுர்ஷன், பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். அவர் சுண்ணாம்புக் கோட்டுக்கு நேரே, கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணியைச் சரி பார்த்து விசில் ஊதினார்.

முதல் இழுவை முடிய எண்ணி இருபது விநாடி. ஏரம்புவின் கை நீளம் சிவலட்சுமியின் கைக்கு நாலு விரல் கூட. சேட்டுக் கை இறங்கி உள்ளங்கைக்குள் புகுந்தது, கயிறு துணியில் வழுக்கியது, முன்னுக்கு நின்றவள் வழுக்கப் பின்னுக்கு நின்ற ஏழு பேரும் நிலை குலைந்தார்கள். ஒன்பதாம் வாய்க்கால் ஓவென்று கத்தியது. அவர்களின் ஆள் ஒருவர் வாழைக்குலையில் நல்ல பழம் எது என்று அமர்த்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

விமலேஸ்வரி புயல் மாதிரி வந்தாள். "உந்தச் சேட்டைக் கழட்டு!"

"ஏலாது. கை தெரியும்."

"கைதானேயடி கயிறு பிடிக்கிறது?"

"நீங்கள் காணேல்லை அக்கா. தோல் தொங்குது. ஊரே பாக்கும்."

"ஊர் பாக்கட்டும், இல்லாட்டி குலை ஒன்பதாம் வாய்க்காலுக்குப் போகட்டும். ரெண்டில ஒண்டைச் சொல்லு, வாத்தி விசிலை வாயில வைச்சிட்டார்."

சிவலட்சுமிக்கு வெட்கம் வயிற்றில் இருந்து கிளம்பிக் காது வரைக்கும் சுட்டது. கூட்டத்தில் ஏரம்புவைத் தேடினாள். தண்ணிப் போத்தலோடும் புது வயிற்றோடும் முன்வரிசையில் நின்றார்.

"கழட்டித் தாவனப்பா," என்றார் அவர். "அந்தத் தோலும் உன்னோட சேந்து குளக்கட்டெல்லாம் நடந்ததுதானே. அதுவும் ஒருக்கா இழுத்துப் பாக்கட்டுமன்."

ஏரம்பு வாழ்க்கையில் சொன்ன நல்ல வார்த்தைகள் ஐந்தாறு இருக்கும். அதில் இது ஒன்று. சிவலட்சுமி மைதான ஓரத்தில் சனத்தை ஏற்றி வந்து நின்ற உழவு மெஷின் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சேட்டைக் கழற்றிவிட்டு அரைக்கை ரீசேட்டோடு வந்து கயிற்றைப் பிடித்தாள். காற்றுப் பட்டதும் கைத்தோல் சிலிர்த்தது. இவ்வளவு நாளும் கையை இறக்கியே வைத்திருந்ததால் வெயில் காணாத தோல்.

இரண்டாம் விசில். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் சாய்ந்தார்கள். கயிறு முறுகி நின்றது, சிவப்புத் துணி ஒரு பக்கமும் போகவில்லை. "இழு!" என்று விமலேஸ்வரி கத்தினாள். சிவலட்சுமி ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். தோல் இடமும் வலமும் துள்ளியது. "இழு!" இன்னொரு வெட்டு. முதல் துள்ளல் அடங்குவதற்குள் இரண்டாம் துள்ளல் வந்து இரண்டும் மோதிக்கொண்டன.

எதிரே நேசமலரின் கண் அந்தக் கையில் விழுந்தது. விழுந்த கண் எழும்பவில்லை. சொண்டை இறுக்கினாள். கன்னம் இரண்டும் உப்பின. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. "நேசம், வேண்டாமடி! அங்க பாக்காதை!" என்று அவளுக்குப் பின்னால் நின்றவள் கெஞ்சினாள். ஆர் கேட்டது? மூன்றாம் வெட்டுக்குத் தோல் துள்ளியதும் நேசமலர் வெடித்துச் சிரித்து, முழங்கால் மடிந்து, பொத்தென்று மண்ணில் இருந்தாள். அவளுக்கு மேலே இரண்டாமவள், அவளுக்கு மேலே மூன்றாமவள். அந்தக் குவியலையும் சேர்த்து ஏழாம் வாய்க்கால் கோட்டுக்கு இங்கால் இழுத்து வந்தது.

மைதானம் அமளிப்பட்டது. ஒன்பதாம் வாய்க்கால் பெண்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு நடுவரிடம் ஓடினார்கள்.

"வாத்தி, இது கள்ளம்! அந்தக் கையை மூடச் சொல்லுங்கோ!"

யதுர்ஷன் பொக்கற்றில் இருந்து விதித்தாளை எடுத்து மேலிருந்து கீழ் படித்தார். "சப்பாத்துப் போடக் கூடாதெண்டு கிடக்கு. கையில மண் பூசக் கூடாதெண்டு கிடக்கு. தோலைப் பற்றி ஒண்டும் கிடக்கேல்லை."

"ஆடுது, வாத்தி!"

"அது அவாவின்ர சொந்தத் தோல்தானே. கழட்டி வைக்கச் சொல்லி நான் எப்பிடிக் கேக்கிறது?"

சிவலட்சுமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஊரே பார்க்கிறது, ஊரே சிரிக்கிறது. வானம் இடிந்து விழவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே ஒரு முள் கிடந்தது. இது சிரிப்பில் வந்த வெற்றி. நானா கொழுப்பா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாம் இழுவைக்கு நேசமலர் புதுத் திட்டத்தோடு வந்தாள். "நான் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கப் போறன். நீ என்ன ஆட்டு ஆட்டினாலும் எனக்குத் தெரியாது மச்சாள்" என்றாள். சொன்னபடியே விசிலுக்கு முதலே கண்ணை இறுக்கி மூடினாள்.

இந்த முறை சிரிப்பு இல்லை. கயிறு நின்றது. அரை நிமிடம். ஒரு நிமிடம். பின்னுக்கு ராஜினி குதியை ஊன்றி முக்கினாள். ஒன்பதாம் வாய்க்காலின் முகங்கள் சிவந்து கறுத்தன. சிவலட்சுமி மற்ற வருடங்களை நினைத்துப் பார்த்தாள். அந்தக் காலத்தில் இந்த நேரத்துக்கு அவளுக்குக் கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும். எதிரணி முதலில் களைக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டபடி கல்லாகக் கிடந்ததுதான் அவள் செய்த வேலை. இன்றைக்கு ஒன்றையும் காணவில்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. குளக்கட்டில் மருத மரத்தைத் தாண்டுகிற மூச்சு. இன்னும் ஒரு மைல் நடக்கலாம் போல இருந்தது. சுற்றிப் பதினைந்து பேரும் நாய் மாதிரி இளைக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. தன்னுடையது கேட்கவில்லை.

அப்போதுதான் கண்ணை மூடியிருந்த நேசமலரின் முகத்தில் ஒரு துடிப்புத் தெரிந்தது. இருட்டுக்குள்ளே அவள் என்னத்தைக் கண்டாளோ தெரியாது.

"மச்சாள்..." மூச்சு வாங்கியபடி கேட்டாள் நேசமலர். "ஆடுதோ?"

பதினாறு பேர் இழுத்த அந்தக் கயிற்றில் ஒரு முழு வசனம் பேசக்கூடிய மூச்சு ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது.

"ஓம் மச்சாள்," என்றாள் சிவலட்சுமி, வேலிக்கு மேலால் கதைக்கிறவள் மாதிரி ஆறுதலாக. "வலது ஆடுது. இடது இன்னும் தொடங்கேல்லை. தொடங்கினாப் பிறகு சொல்லுறன்."

நேசமலர் சிரிப்பில் சரிந்து போனாள். இந்த முறை கண்ணை மூடியபடியே போனாள். பின்னால் நின்ற ஏழு பேருக்கும் மூச்சே இல்லாத நேரத்தில் சிரிப்பு வந்து பிடித்தது, பிடி விட்டுப் போனது. ராஜினி "இழுங்கோ அக்கா!" என்று கத்தினாள். சிவலட்சுமி இழுத்தாள். சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி, விசிலைத் தாண்டி, யதுர்ஷன் "காணும், காணும்!" என்று பின்னால் ஓடி வரும் தூரம் வரைக்கும் இழுத்தாள்.

குலையை ஏரம்புதான் தோளில் தூக்கினார். விமலேஸ்வரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாற வருஷம் நீ பின்னுக்கு வா சிவம். பிழை என்னிலதான்" என்றாள்.

"வேண்டாமக்கா. ராஜினி நிக்கட்டும். முன்னுக்கு நிக்க எனக்குத்தான் மூச்சுக் கிடக்கு" என்றாள் சிவலட்சுமி. சொன்ன பிறகுதான் அது பெருமையாக வந்துவிட்டது என்று தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நேசமலர் கண்ணில் நீர் வழிய வந்து, கேட்காமல் கொள்ளாமல் மச்சாளின் கைத்தோலைப் பிடித்துப் பார்த்தாள். "கழுவிக் கழுவிப் பழசான பருத்திச் சீலை மாதிரி இருக்கடி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் சீனியாம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீ எத்தினை மணிக்குக் குளக்கட்டுக்குப் போறனி?" என்று கேட்டாள்.

"அஞ்சரைக்கு. நல்லா நடந்தியெண்டா உனக்கும் இப்பிடி ஒண்டு தொங்கும்."

"ஐயோ, அப்ப வாற வருஷம் ரெண்டு பேரும் எதிர் எதிரா நிண்டு ஆட்டுவம்!" என்று நேசமலர் மறுபடியும் தொடங்கினாள். அவளை இரண்டு பேர் பிடித்துத் தூக்கித்தான் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றினார்கள்.

பெட்டி நிறைந்த பெண்களோடு உழவு மெஷின் ஒன்பதாம் வாய்க்கால் பக்கம் வெளிக்கிட்டது. தோற்றவர்கள் என்று சொல்ல முடியாது, அவ்வளவு சத்தம். நேசமலர் பின்பக்கம் நின்று கை காட்டினாள். சிவலட்சுமி பழக்கத்தில் தலையை ஆட்டப் போனாள். பிறகு யோசித்துவிட்டுக் கையைத் தோளுக்கு மேலே நன்றாகத் தூக்கிக் காட்டினாள். உழவு மெஷின் திரும்பியதும் கையை நிறுத்தினாள். தோல் நிறுத்தவில்லை, இன்னும் இரண்டு தரம் ஆடியது. ஆடட்டும் என்று கையை இறக்காமலே நின்றாள்.